துப்பட்டாவின் மறுமுனை

காலையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது செல்வின் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் சுகிர்தா அக்காவின் கணவர். அந்த நேரத்தில் அவர் என்னை அழைத்ததே இல்லை. எப்போதும் அக்காதான் அழைப்பார். “ஏட்டி மீனா, எழும்பியாச்சா? நான் ரோட்டுல ஒத்தையில நிக்கேன், பயமாட்டு இருக்கு, சீக்கிரம் வா” என்பார். அன்றைக்கு அண்ணன், “மீனா, அவ இன்னைக்கு வரமாட்டா” என்றார். காலில் சுளுக்கா என்று கேட்டேன். அந்தப் பக்கம் யாரோ ஜெபம் சொல்லும் சத்தம் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒரு காலில் ஷூவும் மறுகாலில் செருப்புமாக ஆட்டோவில் ஏறியிருக்கிறேன். அவர்கள் வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் அதைக் கவனித்தேன்.

அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த அக்கா அப்படியே சரிந்திருக்கிறார். ஓடுவதற்கான சல்வாரும் குறுக்காகக் கட்டிய துப்பட்டாவும் உடம்பில் இருந்தன. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, அது பிறவியிலேயே பலவீனமாக இருந்திருக்கலாம், ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் அண்ணனிடம் விளக்கமாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் துக்க வீட்டில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. “இந்த வயசுல பொம்பளைக்கு எதுக்கு ஓட்டம்? ஓடி ஓடித்தான் ரத்தம் தலைக்கு ஏறிச்சு” என்று எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் சொன்னார். நம் ஓட்டக் குழுவினர் அத்தனை பேரும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தோம். சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் அந்த நேரத்தில் என் விரல்கள் என் மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து நான் ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் மாடி ஏறும்போது பாதியில் நின்று, நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன். இரவில் இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இதயம் அடிப்பது காதில் கேட்கிறது என்பதால் வலப்பக்கமே படுக்கிறேன். நான் கணக்கு டீச்சர். டாக்டர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால் பயம் போய்விடவும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை போன வருஷம் அக்காவும் நானும் ஓடிய, ஆரல்வாய்மொழிக்குப் போய்த் திரும்பும் அந்த அரை மாரத்தான் மறுபடியும் நடக்கிறது. கடைசி பஸ்ஸுக்கு, அதாவது கடைசியாக ஓடிவரும் கூட்டத்துக்கு, கொடி பிடிக்க வருகிறீர்களா என்று நடத்துகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். அது அக்கா பிடித்த கொடி. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழித்துறைக்காரர். கல்யாணமாகி நாகர்கோவிலுக்கு வந்தவர். தாலுகா ஆபீசில் வேலை. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தும் நீச்சல் தெரியாது. கேட்டால், “வெள்ளம்னா, தண்ணின்னாலே எனக்குப் பயம்” என்று சட்டென்று சொல்லிவிடுவார். விளையாட்டரங்கத்தில்தான் முதலில் பார்த்தேன். நான் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன், யாரோடும் சேர விருப்பமில்லாமல். இவர் பக்கத்தில் வந்து, மூச்சு வாங்க, “மக்கா, உன் கூட ஓடட்டா? எனக்கு நாயின்னா பயம். லாரின்னா பயம். இருட்டுன்னா பயம். தனியா ஓடுனா இதெல்லாம் சேர்ந்து வந்துரும்” என்றார். முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் இப்படிக் கொட்டுகிறாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. எனக்கும் நாயென்றால் பயம்தான். அதை யாரிடமும் சொல்லாமல், நாய் இல்லாத இடமாகப் பார்த்து விளையாட்டரங்கத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வந்த பிறகுதான் நான் ரோட்டில் ஓடினேன்.

நாய் வந்தால் நாம் எல்லோரும் என்ன செய்வோம்? கல்லைத் தேடுவோம், இல்லாவிட்டால் இன்னும் வேகமாக ஓடுவோம். அக்கா நின்றுவிடுவார். நின்று நாயிடம் பேசுவார். “மக்கா, நான் ஒண்ணும் செய்யல்ல கேட்டியா. எனக்குத்தான் உன்னைக் கண்டா பயம். இந்தா போயிருவேன்” என்று கையைக் கட்டிக்கொண்டு, மேலதிகாரியிடம் விடுப்பு கேட்பவர் மாதிரி சொல்வார். நாய் குரைத்து முடித்துவிட்டுப் போய்விடும். நாங்கள் சிரித்துச் சிரித்து ஓட முடியாமல் நிற்போம். சிரிக்கும்போது அவர் முழங்காலைப் பார்த்தால் தெரியும், அது நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று அந்தத் துப்பட்டா. நம் பெண்கள் டீ-ஷர்ட்டுக்கு மாறி வருஷங்கள் ஆகிவிட்டன. அக்கா மட்டும் சல்வார்மேல் துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் வருவார். கேலி செய்யாத ஆளில்லை. நானும் செய்திருக்கிறேன். “அக்கா, இது என்ன, தாலுகா ஆபீசுக்கு ஓட்டமா?” என்பேன். “கெடக்கட்டும் ஏட்டி. வேர்வை துடைக்கலாம், வெயிலுக்குத் தலையில போடலாம், நாய் வந்தா வீசலாம்” என்று அடுக்குவார். நாய் வந்தபோது அவர் அதை வீசி நான் பார்த்ததில்லை.

அந்த அரை மாரத்தானில் எங்கள் இருவரையும் பேசராகப் போட்டபோது நான் முதலில் மறுத்தேன். நீண்ட ஓட்டத்தில், இன்ன நேரத்துக்குள் முடிக்க நினைப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடர்வதற்காக ஒருவர் நேரம் எழுதிய கொடியைப் பிடித்துக்கொண்டு சீரான வேகத்தில் ஓடுவார். அவர்தான் பேசர். அவருக்குப் பின்னால் ஓடும் கூட்டத்தை ஓட்டக்காரர்கள் பஸ் என்பார்கள். பஸ் யாருக்காகவும் நிற்காது என்பது இதில் முதல் விதி. ஒருவருக்காக நின்றால் நம்பி வந்த மற்ற எல்லோருக்கும் நேரம் தவறிவிடும். எங்களுக்குக் கிடைத்தது கடைசி பஸ், மூன்று மணி நேரக் கொடி. அதற்குப் பிறகு வருகிறவர்களுக்குப் பதக்கம் கிடையாது. ஓட்டம் முடியும் இடத்து வாசல் வளைவையே கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். நமக்காக ஓடும்போது தோற்றால் நம்மோடு போயிற்று. இதில் அடுத்தவர் உழைப்பு நம் காலில் கட்டியிருக்கிறது. எனக்குக் கைக்கடிகாரக் கணக்கு வரும், தைரியம் வராது. அக்காவுக்கு இரண்டும் வராது. ஆனாலும் அவர்தான் சரியென்றார். “பயமாட்டு இருக்கவங்கதான் கடைசி பஸ்ஸுக்கு வருவாங்க. அவங்களுக்கு நம்மள மாதிரி ஆளுதான் வேணும்” என்றார்.

ஓட்டம் ஆடி மாதத்தில். சாரல் விழுந்து குளிர்ச்சியாக இருக்கும் என்று அந்த மாதத்தை வைத்திருந்தார்கள். புறப்படும் இடத்தில் எங்கள் கொடிக்குக் கீழே ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. பெரும்பாலும் முதல் தடவை ஓடுகிறவர்கள். மற்ற பேசர்கள் எல்லாம் தங்கள் கூட்டத்தைக் கை தட்டச் சொல்லி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்தார். பிறகு கொடியை உயர்த்தி, “எல்லாரும் கேளுங்க. எனக்குப் பயமாட்டு இருக்கு. உங்களுக்கும் இருக்கும். பயத்தோடயே போவோம், பைய ஓடுவோம்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டிரைவரே இப்படிச் சொன்னால் யார் ஏறுவார்கள்? ஆனால் எதிரில் நின்றவர்களின் தோள்கள் இறங்குவதைப் பார்த்தேன். ஒரு பெண் எல்லோருக்கும் கேட்கும்படி, “எனக்கு ராத்திரி உறக்கமே வரல்ல அக்கா” என்றாள். பிறகு ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

கடைசியாகப் பேசியவர் ஹமீது பாய். கோட்டாற்றில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், ஏறக்குறைய அறுபது வயது, அன்று வரை எங்களுக்குப் பழக்கமில்லாதவர். “தங்கச்சி, நெஞ்சுல ஒரு ஸ்டென்ட் கெடக்கு. டாக்டர் ஓடலாம்னுட்டாரு. ஆனா வீட்டுல சொல்லாம வந்திருக்கேன்” என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. “நீங்க என் பக்கத்துலயே வாங்க பாய்” என்று மட்டும் சொன்னார். அதற்குள் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி வெடித்துவிட்டது.

நாங்கள் செய்த தவறை நம் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஆடிக் காற்று நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். மேற்கிலிருந்து கிளம்பி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போகிற காற்று. போகும்போது முதுகில் தள்ளும் என்பது எங்களுக்குத் தெரியும். தள்ளட்டும், கொஞ்சம் நேரத்தை மிச்சம் பிடித்து வைத்துக்கொள்வோம் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். வெளியூர் பேசர்கள் காற்றைக் கண்டு மிரண்டு, வேகத்தை இழுத்துப் பிடித்து ஓடினார்கள். நாங்கள் நம்ம காற்றுதானே என்று அதன் போக்குக்கு விட்டோம். எல்லாவற்றுக்கும் பயந்த அக்கா அந்தக் காற்றுக்கு மட்டும் பயப்படவில்லை. தோவாளையைத் தாண்டும்போது கூட்டம் முழுவதும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. பாய்கூட, “இவ்வளவுதானா?” என்று சிரித்தார். நாங்கள் ஓடியிருந்த வேகத்தில் பாதி காற்றினுடையது. அது எங்கள் கால்களுக்குத் தெரியவில்லை.

காற்றாலைகளுக்குக் கீழே திரும்பும் இடம். திரும்பியதும் முகத்தில் அறைந்தது. கொடி பின்பக்கமாக விடைத்துக்கொண்டு அக்காவின் கையையே பிடுங்கப் பார்த்தது. கண்ணில் மண். பேச வாய் திறந்தால் காற்று உள்ளே போனது. பாட்டு நின்றுபோனது. தலைக்கு மேலே அந்த இறக்கைகள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. சின்ன வயதிலிருந்து பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்த காற்றாலைகள்தான், அன்றைக்கு எனக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். சேர்த்து வைத்த நேரமெல்லாம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. அதைவிட மோசம், போகும்போது வேகமாக ஓடியதில் கூட்டத்தின் கால்களில் பலம் மிச்சமில்லை.

நான் கூட்டத்தின் பின்முனையில் வந்துகொண்டிருந்தேன். அக்காவின் பக்கத்திலிருந்து மெல்லப் பின்தங்கிவிட்ட ஹமீது பாய் எனக்கு முன்னால் இரண்டடி தள்ளாடி, சாலை ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. “அக்கா!” என்று கத்தினேன். காற்று எதிரே இருந்ததால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. யாரோ தொட்டுச் சொல்லித்தான் அக்கா திரும்பினார். ஓடி வந்தவர் பாயின் முகத்தைப் பார்த்தார், முன்னே போய்க்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கொடியை என் கையில் திணித்தார்.

“நீ பஸ்ஸைக் கொண்டு போ. நான் இவரோட வாறேன்.”

“நான் நிக்கேன் அக்கா. நீங்க ஒத்தையில இருக்க மாட்டியளே.”

“எனக்குக் கணக்கு தெரியாது ஏட்டி. இந்தக் காத்துல அவங்களை நேரத்துக்குக் கொண்டு போவ உன்னாலதான் முடியும். மெடிக்கல் வண்டியைக் கண்டா இஞ்ச அனுப்பு. போ மக்கா, நிக்காத!”

போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்த நேரம் வேறில்லை. கொடியோடு முன்னால் ஓடுகிறவர் அடிக்கடி திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் பின்னால் வருகிறவர்கள் கலங்கிவிடுவார்கள். அதனால் நான் திரும்பவில்லை. எதிரில் வந்த மெடிக்கல் வண்டியை மறித்துச் சொன்னேன். அது அவர்களை நோக்கிப் போனது. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. ஒவ்வொரு நிமிஷமும் பின்னாலிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே ஓடினேன். வந்தால் பாயின் நெஞ்சுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் உதவி இன்னும் அவர்களிடம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இப்படியே மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. அக்காவை நினைத்தும் பயம். அந்த வெட்டவெளியில், லாரிகள் உறுமிக்கொண்டு போகும் ரோட்டில், ஒரு மனிதரின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு அவர் தனியாக நிற்கிறார். வாய் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டிருந்தது. “பைய, பைய, சரியாத்தான் போறோம்” என்று சொன்னேன். சரியாகத்தான் போனோமா என்று எனக்குத் தெரியாது. வாசலைத் தாண்டியபோது ஒலிபெருக்கியில் எங்கள் பஸ்ஸைப் பாராட்டினார்கள். மூன்று மணி நேரத்துக்குள் சேர்ந்துவிட்டோம், ஆனால் மயிரிழையில்.

பதக்கத்தை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ள யாருக்கும் மனமில்லை. இட்லி ஆறிக்கொண்டிருந்தது. வாசல் வளைவைக் கழற்ற ஆட்கள் வந்துவிட்டார்கள். இரவெல்லாம் உறங்காமல் வந்த அந்தப் பெண்தான் முதலில், “வாங்க, எதிர்ல போய்ப் பாப்போம்” என்றாள். பஸ் முழுவதும் வந்த வழியே திரும்பி நடந்தது.

ரோடு வளைவில் அவர்களைப் பார்த்தோம். மெடிக்கல் வண்டி பின்னால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பாய்க்குக் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டுவிட்டன, நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. வண்டியில் ஏறச் சொல்லியிருக்கிறார்கள், மாட்டேன் என்றிருக்கிறார். கை கொடுக்கிறேன், பிடித்துக்கொண்டு நடங்கள் என்று அக்கா சொன்னதற்கு, முன்பின் தெரியாத பெண்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் எப்படி வருவது என்று தயங்கியிருக்கிறார். அக்கா இடுப்பு முடிச்சை அவிழ்த்திருக்கிறார். துப்பட்டாவை முறுக்கிக் கயிறாக்கி, ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, காற்றுக்கு முன்னால் தான் நடந்து அவரை இழுத்து வந்திருக்கிறார். நாங்கள் பார்த்தபோதும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்கள். எதிரே வந்த காற்றில் அக்காவின் தலைமுடி கலைந்து பறந்துகொண்டிருந்தது. துப்பட்டா இருவருக்கும் நடுவில் விறைப்பாக நின்றது.

எங்களைப் பார்த்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “பஸ்ஸு நேரத்துக்குப் போய்ச் சேந்துதா?” என்பதுதான். சேர்ந்தது என்றேன். “கொள்ளாம்” என்று திருப்தியாகத் தலையாட்டினார். பாதி கழற்றிய வாசல் வழியாக எல்லோரும் ஒன்றாக மறுபடி உள்ளே போனோம். பாய்க்குப் பதக்கம் கிடைக்கவில்லை. அந்தப் பெண் தன் பதக்கத்தை அவர் கழுத்தில் போடப் போனாள். “அது உன்னோடது மோளே. அடுத்த வருஷம் நானே வாங்குவேன்” என்று அவர் தடுத்துவிட்டார்.

எல்லாம் முடிந்து மரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் அக்காவுக்கு நடுக்கம் எடுத்தது. டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, நான் பிடித்துக் குடிக்கவைத்தேன். “வழி நெடுக எவ்வளவு பயந்தேன் தெரியுமா மக்கா? இந்த மனுஷன் விழுந்துட்டா என்ன செய்வேன், அவரு வீட்டுல என்ன சொல்லுவேன்னு ஒரே நெனப்பு” என்றார். அங்கே நடுங்கவில்லையா என்று கேட்டேன். அவர் சொன்னார்: “எப்படி நடுங்க? மறுமுனையில அவருல்லா பிடிச்சிருந்தாரு. நான் நடுங்குனா அவருக்குத் தெரிஞ்சிருமே.”

அதற்குப் பிறகு நான் துப்பட்டாவைப் பற்றிக் கேலி பேசவில்லை. மற்றவர்கள் பேசினார்கள், அக்காவும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். நாய்களிடம் பேசுவதையும் அவர் விடவில்லை.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, நேற்று மாலை பள்ளி விட்டு வரும்போது கோட்டாற்றில் ஹமீது பாய் கடைக்குப் போனேன். வீட்டுக்குச் சாமான் வாங்கத்தான் போனதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் கடைசி வரை நின்றவர் அவர். என்னைப் பார்த்ததும் எடை போட்டுக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்.

“ஞாயித்துக்கெழம ஓடப் பேரு குடுத்திருக்கேன் தங்கச்சி. இந்தத் தடவை வீட்டுல சொல்லியாச்சு. கடைசி பஸ்ஸுக்குக் கொடி யாரு?”

“தெரியல்ல பாய்” என்றேன். பிறகு, கடையில் ஆட்கள் நிற்பதைப் பொருட்படுத்தாமல், “எனக்குப் பயமாட்டு இருக்கு” என்றேன். அக்கா போன பிறகு அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

பாய் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “எனக்கும்தான்” என்றார். “அந்தப் பிள்ளைக்கே இப்படி ஆவும்னா, நெஞ்சுல கம்பி வச்சிருக்க நான் எம்மாத்திரம்னு தெனமும் ராத்திரி நெனைக்கேன். ஆனா நீங்க வாறியன்னா நான் வருவேன்.”

வீட்டுக்கு வந்து நடத்துகிறவர்களை அழைத்து, கொடி நான் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வைத்ததும் விரல்கள் தானாக மணிக்கட்டுக்குப் போய் நாடி பார்த்தன.

செல்வின் அண்ணன் அக்காவின் பொருள்களில் ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார். பதக்கங்களை வேண்டாமென்றேன். அவை அவர் பிள்ளைகளுக்கு. அன்றைக்கு முறுக்கியதில் நடுவில் நூல் பிரிந்துபோன அந்தத் துப்பட்டாவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அதை டீ-ஷர்ட்டின்மேல் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு வருவேன். கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளலாம்.

என் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாட்டு இருக்கு. காத்து நாம திரும்பி வரும்போதுதான் முகத்துல அடிக்கும், அதனால போகும்போது பைய ஓடுவோம். யாராவது உட்கார்ந்துட்டா சொல்லுங்க. துப்பட்டா இருக்கு.